பந்தின் நன்மரணம்

சங்குத்தாழை ஊரின் புனித சூசையப்பர் நன்மரண சபையைச் சேர்ந்த இருபத்தொரு பெண்கள், வெள்ளைச் சேலையும் கழுத்தில் நீல நாடாவுமாக, அயர்லாந்து தேசத்தின் மேற்குக் கரையில் ஒரு மைதானத்தில் பதினோரு நாள் உட்கார்ந்திருந்து, ஒரு பந்துக்கு நல்ல சாவு கேட்டு மன்றாடினார்கள் என்று சொன்னால் எங்கள் பக்கத்தில் யாரும் வாயைப் பிளக்கமாட்டார்கள். பந்து எத்தனை மணிக்குச் செத்தது, வந்தவர்களுக்குக் காப்பி கொடுத்தார்களா என்றுதான் கேட்பார்கள்.

சபையின் வேலை இன்னதென்று தெரியாதவர்களுக்குச் சொல்ல வேண்டும். ஊரில் ஒரு ஆத்துமா போகவும் முடியாமல் இருக்கவும் முடியாமல் இழுத்துக்கொண்டு கிடந்தால், இவர்கள் போய்க் கட்டிலைச் சுற்றி உட்கார்ந்து, நன்மரணத்தின் பாதுகாவலரான சூசையப்பரைக் கூப்பிட்டு, அந்த ஆத்துமா முடிச்சில்லாமல் கழன்று போகச் செபிப்பார்கள். இவர்கள் காலெடுத்து வைத்த வீட்டில் மூன்று நாளுக்கு மேல் யாரும் கிடந்தது கிடையாது. அதனால் ஊரில் சாதாரணக் காய்ச்சல்காரர்கள்கூட வெள்ளைச் சேலைகள் தெருமுனையில் திரும்புவதைக் கண்டதும் எழுந்து உட்கார்ந்து, கஞ்சி குடித்து, சட்டையையும் மாட்டிக்கொண்டுவிடுவார்கள். சபைத் தலைவி பிரகாசியம்மாள் இதையும் சபை செய்த அற்புதப் புதுமைகளின் கணக்கில் சேர்த்துக்கொள்வாள்.

சபையிலேயே சத்தம் குறைந்தவள் செலஸ்தீன். அவளுக்கு ஒரே மகன், லிகோரி. இருபது வயதில் கப்பல் வேலைக்குப் போனவன், அயர்லாந்தில் ஒரு துறைமுகத்தில் டீ குடிக்க இறங்கினான். குடித்து முடிப்பதற்குள் கப்பல் போய்விட்டது என்று அவன் சொன்னான், அவள் நம்பினாள். சின்ன வயதிலிருந்து வலை இழுத்து இறுகிய அவன் தோளைப் பார்த்த அந்த ஊர்க்காரர்கள், முட்டை வடிவத்தில் ஒரு பந்தைக் கையில் கொடுத்து ரக்பி ஆட விட்டார்கள். ஒன்பது வருஷம் ஆயிற்று. முதல் ஐந்து வருஷம் விசாத் தாள் சரியாகவில்லை என்றான். தாள் சரியான பிறகு ஆட்டம் இருக்கிறது என்றான். போன வருஷத்துக்கு முந்தின வருஷம் அவன் அப்பா செத்தபோதும் ஆட்டம் இருந்தது; மலர்வளையத்தின் படம் ஒன்று செல்போனுக்கு வந்தது, நல்ல தெளிவான படம். செலஸ்தீனுக்கு அவனிடம் சண்டை கிடையாது. ஒருதடவை எதிரில் வந்து நின்று, தன் முகத்தைப் பார்த்து, "எம்மா, எப்படி இருக்க?" என்று கேட்டுவிட்டால் போதும். இதைத்தான் அவள் ஒன்பது வருஷமாகச் செபமாலையின் எல்லா மணிகளுக்கும் இடையில் செருகி வந்தாள்.

அப்படி இருக்கையில், அவன் ஆடும் அணி இறுதி ஆட்டத்துக்கு வந்துவிட்டதென்று அம்மாவுக்கு டிக்கெட் அனுப்பினான்.

"புதன்கிழமைச் செபத்துக்கு ரெண்டு வாரம் வரமாட்டேன் தலைவியக்கா," என்று போய்ச் சொன்னாள் செலஸ்தீன். "மகன் கூப்பிட்டிருக்கான்."

"தனியாவாட்டி போற? பக்கத்துத் திசையன்விளைக்கே துணைக்கு ஆள் தேடுவியே."

"அதுதான் பயமா இருக்கு."

"பயப்படாத. சபை கூட இருக்கும்."

செபத்தில் கூட இருக்கும் என்றுதான் செலஸ்தீன் அர்த்தம் பண்ணிக்கொண்டாள். பிரகாசியம்மாளோ ஒரு சாதாரண உறுப்பினர் மட்டும் விமானம் ஏறி, திரும்பி வந்து, அடுத்த நாற்பது வருஷத்துக்கு அதையே பேசிக்கொண்டிருக்கும் கொடுமையைத் தடுக்க முடிவு செய்திருந்தாள். மூன்று மாதத்தில் இருபத்தொரு பேருக்கும் பாஸ்போர்ட் வந்தது. புருஷன்மார் கேட்டார்கள், ரக்பி என்றால் என்னவென்று. "மாதா," என்றாள் பிரகாசியம்மாள், கண்ணைக்கூடச் சிமிட்டாமல். "அந்த ஊர்ல ரக்பி மாதா ரொம்ப விசேஷம்." புருஷன்மார் சிலுவை போட்டுக்கொண்டு, தங்கள் முழங்கால் வலியையும் அந்த மாதாவிடம் சொல்லும்படி கேட்டுக்கொண்டார்கள். துணைக்கு ஒரு ஆண் வேண்டும் என்று கோயில்பிள்ளை தொம்மையையும் சேர்த்துக்கொண்டார்கள். கோயிலில் மெழுகுதிரி ஏற்றி மணியடிக்கும் அவர், முன்பு தூத்துக்குடியில் ஒரு கப்பல் ஆபீசில் இரண்டு வருஷம் டீ கொடுத்தவர்; டீ கொடுத்த இடத்தில் காதில் விழுந்த ஆங்கிலம் அத்தனையும் அவருக்கு வரும்.

போய் இறங்கியதும் லிகோரி போனில் பேசினான். "எம்மா, ஆட்டத்துக்கு முந்தி வெளியாட்களைப் பார்க்க விடமாட்டாங்க. ஆட்டம் முடிஞ்சதும் அரைமணி நேரம் உண்டு. மறுநாள் காலைல உங்க பிளேன்."

வெளியாட்கள் என்ற வார்த்தையை செலஸ்தீன் கசாயம்போல மூக்கைப் பிடித்துக்கொண்டு விழுங்கினாள். அரைமணி நேரம் என்பதைத் தொட்டுக்கொண்டாள்.

ஆட்டம் அவர்களுக்குப் புதிதாக இல்லை. முப்பது தடியன்கள் ஒருவன் கழுத்தை ஒருவன் கட்டிக்கொண்டு, தலையைத் தாழ்த்தி முட்டி, ஒரு பொருளுக்காகச் சேற்றில் புரளுவதை அவர்கள் தினம் காலையில் மீன் ஏலக்கூடத்தில் பார்க்கிறவர்கள்தான். கடைசி நிமிஷத்தில் லிகோரியின் அணி ஒரு புள்ளி முன்னால் இருந்தது. எதிரணிக்காரன் ஒருவன் பந்தை வானத்தைப் பார்த்து உதைத்தான். லிகோரி அதைப் பிடித்து, கோட்டுக்கு வெளியே தள்ளிவிட்டால் ஜெயம். தவறவிட்டால், பாய்ந்து எடுக்க எதிரணிக்காரர்கள் பத்தடியில் நிற்கிறார்கள். அவன் அண்ணாந்து கையை விரித்தான். பந்து ஏறியது, ஏறிப் போய் நாலு தென்னை உயரத்தில், மேகத்துக்குக் கொஞ்சம் கீழே, நின்றுகொண்டது.

கொஞ்ச நேரம் எல்லாரும் பார்த்தார்கள். பிறகு ஒருவர் தொப்பியைச் சரிசெய்தார், ஒருவர் சிப்ஸ் பொட்டலத்தைப் பிரித்தார். ஒலிபெருக்கியில் நடுவர் என்னவோ சொன்னார்.

"என்ன சொல்லுதாரு கோயில்பிள்ளை?"

தொம்மை எழுந்து நின்று, ஞாயிற்றுக்கிழமை அறிக்கை வாசிக்கும் குரலில் சொன்னார்: "ஆட்ட நேரம் முடிஞ்சிபோச்சு. ஆனா பந்து இன்னும் சாகலை. பந்து செத்தாத்தான் ஆட்டம் முடியும். அதுவரைக்கும் யாரும் மைதானத்தை விட்டு வெளிய போகக்கூடாது."

பந்து கோட்டைத் தாண்டினால் அதைச் செத்த பந்து என்பது அந்த ஆட்டத்துச் சட்டம் என்று பக்கத்தில் இருந்தவர்கள் விளக்கியிருக்கலாம். இருபத்தொரு பெண்களும் அதற்குள் முக்காடு போட்டுவிட்டார்கள்.

"பாவம்," என்றாள் பிரகாசியம்மாள், மேலே பார்த்து. "இழுத்துக்கிட்டுக் கிடக்கு." அவள் முகத்தில் தொழில் தெரிந்தவளின் நிம்மதி வந்தது. இத்தனை தூரம் வந்தது வீண்போகவில்லை.

இரண்டாம் நாள் காலையில் மைதானத்தின் கடைக்காரர்கள் இட்லிக்கு என்ன மாவு என்று விசாரிக்கத் தொடங்கியிருந்தார்கள். மூன்றாம் நாள் பள்ளிக்கூடங்கள் மேற்குப் பார்வையாளர் மாடத்துக்கு மாற்றப்பட்டன. நாலாம் நாள் வந்த தபால்காரர் வரிசை எண்ணையும் இருக்கை எண்ணையும் பார்த்துக் கடிதம் கொடுத்தார். ஐந்தாம் நாள் ஒரு அமைச்சர் வந்து பந்தைப் பார்வையிட்டு, அரசாங்கம் நிலைமையை உன்னிப்பாகக் கவனித்து வருகிறது என்றார். அண்ணாந்து பார்ப்பதைத் தவிர வேறென்ன செய்ய முடியும் என்று யாரும் கேட்கவில்லை. விசா அலுவலகத்திலிருந்து ஒரு பெண் முத்திரையோடு வந்து, இருபத்திரண்டு பாஸ்போர்ட்டிலும் 'பந்து சாகும் வரை' என்று குத்திக் கொடுத்துவிட்டுப் போனாள். சங்குத்தாழையிலிருந்து புருஷன்மார் கூப்பிட்டு, மாதா திருவிழா ஏன் இவ்வளவு இழுக்கிறது என்று கேட்டார்கள். "புதுமை நடந்துக்கிட்டிருக்கு, நடுவுல எழுந்து வர முடியாது" என்று பதில் போயிற்று. அப்படியானால் குழம்புக்குப் புளி எவ்வளவு என்று அடுத்த கேள்வி வந்தது.

ஆட்டக்காரர்கள் இருபத்தொன்பது பேரும் நின்ற இடத்திலேயே உட்கார்ந்து, முறைவைத்துத் தூங்கி, ஒருவன் காதை ஒருவன் கடித்ததையெல்லாம் மறந்து சீட்டாடினார்கள். லிகோரி மட்டும் நின்றான். அவனுக்குப் பதில் ஆள் இறக்க வழியில்லை. மாற்று ஆட்டக்காரர்கள் எல்லாரும் முன்பே இறங்கிவிட்டார்கள். பந்து எந்த நொடியில் விழும் என்று தெரியாததால் கண்ணையும் எடுக்க முடியாது. குதிரைபோல நின்றபடி தூங்கினான், கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு. மற்ற காரியங்கள் எப்படி என்று கேட்கிறவர்களுக்கு: ஒரு சின்னக் கூடாரத்தை நாலு பேர் தூக்கி வந்து அவனைச் சுற்றி வைப்பார்கள், அதற்குக் கூரையை வெட்டி எடுத்திருந்தார்கள்.

மைதானத்துக்குள் போக உரிமை உள்ளவர்கள் தண்ணீர் கொடுப்பவர்கள் மட்டும்தான் என்று தெரிந்ததும், செலஸ்தீன் நேரே போய் வாசலில் காவல் நின்ற நோரா என்ற வயதான பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டாள். இரண்டு பேருக்கும் பொதுவாக ஒரு பாஷை கிடையாது. செலஸ்தீன் அண்ணாந்து நிற்பவனைக் காட்டினாள், பிறகு தன் வயிற்றைத் தொட்டாள். நோரா பச்சை நிறத்தில் பளபளக்கும் ஒரு சட்டையைக் கொண்டுவந்து வெள்ளைச் சேலைக்கு மேலே மாட்டி, கையில் தண்ணீர்ப் புட்டியைக் கொடுத்தாள்.

"மக்கா."

"எம்மா?" அவன் குனியவில்லை. குனிய முடியாது. "நீயா? உள்ள எப்படி விட்டாங்க?"

"வாயைத் தொற." ஒரு உருண்டை சோற்றை வைத்தாள். நோராவின் வீட்டு அடுப்பில் பொங்கி, ஊரிலிருந்து டப்பாவில் வந்த மாசிக் கருவாட்டுக் குழம்பு கலந்தது. அவன் மென்றான். கண்ணிலிருந்து தண்ணீர் காதுப் பக்கமாக வழிந்தது.

"காரமா இருக்கா?"

"இல்ல."

மூன்று வேளையும் போனாள். அண்ணாந்தபடியே அவன் பேசினான். ஒன்பது வருஷத்தில் போனில் பேசாததையெல்லாம், பந்திடம் சொல்வதுபோல மேலே பார்த்துப் பேசினான். கப்பல் தன்னை விட்டுவிட்டுப் போகவில்லை, தான்தான் ஒளிந்துகொண்டதாகச் சொன்னான். "தெரியும், தின்னு," என்றாள் அவள். ஆறாம் நாள் கேட்டான்:

"அப்பா கடைசில என்னைக் கேட்டாரா?"

செலஸ்தீன் பொய் சொல்லிப் பழகாதவள். "இல்ல மக்கா. போட்டுக்கு டீசல் ஊத்தியாச்சான்னு கேட்டாரு. ரெண்டு தடவை கேட்டாரு."

அவன் சிரித்தான். வயிறு குலுங்க, தலை மட்டும் அசையாமல் சிரித்தான். பிறகு அந்தச் சிரிப்பே வேறு ஒன்றாக மாறியபோது, அவள் முந்தானையால் அவன் மூக்கைத் துடைத்துவிட்டாள். முப்பதாயிரம் பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள், அதற்கென்ன.

இங்கே மாடத்தில் சபை தன் வேலையில் குறையே வைக்கவில்லை. தினம் சாயங்காலம் பிரார்த்தனை ஏற ஏற, பந்து ஒரு முழம் இறங்கும். தொம்மை கோல்கம்பத்தை வைத்து அளந்து சொல்லுவார். விடிந்து பார்த்தால் பழையபடி மேலே போயிருக்கும். எட்டாம் நாள் பிரகாசியம்மாளுக்குப் பொறுக்கவில்லை. மூன்று நாளுக்கு மேல் யாரும் கிடந்ததில்லை என்ற சபையின் பெயர், ஒரு தோல் பந்திடம் கெட்டுக்கொண்டிருந்தது.

"இதுல யாரோ எதிர்ச்செபம் பண்ணுதா," என்றாள்.

எல்லாரும் எல்லாரையும் பார்த்தார்கள். செலஸ்தீன் தானாகவே எழுந்து நின்றாள்.

"நான்தான் தலைவியக்கா."

"என்னட்டி சொல்லுத?"

"நீங்க இறங்கணும்னு கேக்கீங்க. நான் விடியக்காலம் எழுந்து, இன்னைக்கு ஒருநாள் மட்டும் இருக்கட்டும் சாமின்னு கேக்கேன். பந்து செத்தா ஆட்டம் முடிஞ்சிரும். அரைமணி நேரந்தான் பார்க்கலாம், மறுநாள் பிளேன். இப்பம் மூணு வேளையும் என் கையால திங்கான்."

"வெக்கமா இல்ல? நன்மரண சபையில இருந்துக்கிட்டு ஒரு ஆத்துமாவைச் சாகவிடாம..."

"பந்துக்கு ஏது ஆத்துமா," என்றார் தொம்மை, மெதுவாக.

"கோயில்பிள்ளை, நீரு மணியடிக்கிற வேலையப் பாரும்."

அன்று சாயங்காலப் பிரார்த்தனையில் ஒரு காரியம் நடந்தது. பிரகாசியம்மாள் தொடங்கினாள், பதில் சொல்ல வேண்டிய இடத்தில் சத்தம் தேய்ந்திருந்தது. குவைத்தில் மகள் இருப்பவள் உதட்டை மட்டும் அசைத்தாள். மஸ்கட்டில் இரண்டு பையன்களை வைத்திருப்பவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். கனடாக்காரி, சிங்கப்பூர்க்காரி, ஆறு வருஷமாக மருமகள் போனை எடுக்காதவள் என்று ஒவ்வொருவராக நின்றுபோய், கடைசியில் பிள்ளையில்லாத பிரகாசியம்மாள் ஒருத்தியின் குரல் மட்டும் அந்தப் பெரிய மைதானத்தில் தானே கேட்டுத் தானே பதில் சொல்லிக்கொண்டு போயிற்று. பந்து இரண்டு முழம் மேலே ஏறியது. அவள் செபமாலையை மடித்துப் பையில் வைத்தாள். யாரையும் திட்டவில்லை, அதுதான் எல்லாருக்கும் பயமாக இருந்தது.

பதினோராம் நாள் காலையில் செலஸ்தீன் கஞ்சி கொண்டுபோனாள். லிகோரி வாயைத் திறக்கவில்லை.

"என்ன மக்கா, பசிக்கலையா?"

"எம்மா, நீ எந்தக் கலர் சேலை கட்டியிருக்க?"

"வெள்ளை. சபைச் சேலை."

"மெலிஞ்சிருக்கியா?"

"அப்படியேதான் இருக்கேன்."

"பதினோரு நாளா பக்கத்துல நிக்க. உன் விரலு தெரியும், குரலு தெரியும். மூஞ்சியப் பார்க்கல. கண்ணை எடுத்தா இந்த எழவெடுத்தது விழுந்திரும். எவ்வளவு நேரம்மா இன்னும்?"

அவள் கஞ்சிப் பாத்திரத்தைப் புல்லில் வைத்தாள். தான் கேட்டது என்ன, கிடைத்தது என்ன என்று அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. முகத்தைப் பார்த்து ஒரு வார்த்தை என்றுதான் ஒன்பது வருஷமாகக் கேட்டிருந்தாள். கிடைத்த சோற்று உருண்டையில் மயங்கி, அந்த முகத்தை மேலே கட்டிப்போட்டு வைத்திருந்தது தன்னுடைய செபம்தான்.

மாடத்தைத் திரும்பிப் பார்த்து, வாழ்க்கையில் முதல் தடவையாகச் சத்தம் போட்டாள். "தலைவியக்கா! தொடங்குங்க!"

பிரகாசியம்மாள் ஒரு நொடிகூடத் தாமதிக்கவில்லை. மூன்று நாளாகப் பைக்குள்ளேயே கையை வைத்திருந்தவள்போல எழுந்தாள். இருபத்தொரு குரலும் சேர்ந்தன. புல்லில் முழங்காலிட்டிருந்த செலஸ்தீனின் குரல் எல்லாவற்றுக்கும் மேலே கேட்டது. அது அழகான சாவு. பந்து ஒருதரம் நடுங்கி, பெருமூச்சு விட்டதுபோலச் சுருங்கி, நேராக லிகோரியின் நெஞ்சில் வந்து இறங்கியது. எதிரணிப் பதினைந்து பேரும் சீட்டைப் போட்டுவிட்டு எழுவதற்குள், அவன் அதைக் கோட்டுக்கு வெளியே உதைத்துவிட்டான். நடுவர் விசில் ஊதினார். தொம்மை, பழக்கதோஷத்தில், இல்லாத துக்கமணிக்குக் கயிறு இழுத்தார்.

அப்புறம் நடந்ததுதான் அநியாயம். ஒரு தாய் மகன் முகத்தைப் பார்ப்பதற்குள் முப்பதாயிரம் பேருக்கு அவன் சொந்தமாகிவிட்டான். மாடங்களிலிருந்து ஜனம் வேலியைத் தாண்டி இறங்கியது. இரண்டு தடியன்கள் அவனைத் தோளில் தூக்கி வைத்தார்கள். பாட்டு, கொடி, பீர். செலஸ்தீனைப் பச்சைச் சட்டையோடு ஓரமாக ஒதுக்கிவிட்டார்கள். தூக்கப்பட்டவனோ ஜெயித்த சந்தோஷத்தில் கையை ஆட்டவில்லை. பதினோரு நாள் அண்ணாந்த கழுத்து அப்படியே பூட்டிக்கொண்டது. வானத்தையே பார்த்தபடி, அந்தத் தேசத்தில் யாருக்கும் விளங்காத பாஷையில் கத்திக்கொண்டிருந்தான்: "எம்மா எங்க? எங்கம்மா எங்கல?"

விளங்கிய இருபது பெண்கள் மாடத்தில் இருந்தார்கள்.

"ஏட்டி, இறங்குங்க," என்றாள் பிரகாசியம்மாள்.

சேலையைத் தூக்கிச் செருகினார்கள். ஒருத்தி இடுப்பை ஒருத்தி பிடித்து, தலையைத் தாழ்த்தி, மூன்று வரிசையாக முட்டிக்கொண்டு போனார்கள். முன்வரிசை நடுவில் பிரகாசியம்மாள். "தள்ளுங்கட்டி! விலகுல எருமை! தள்ளு!" அந்த ஊர்ப் பயில்வான்கள் இதுவரை பார்த்த எந்த அணியும் அப்படித் தள்ளவில்லையாம். கூட்டம் பிளந்தது. வழியில் செலஸ்தீனையும் அள்ளிக்கொண்டார்கள்.

பக்கத்தில் போய்விட்டார்கள், ஆனால் பிரயோசனமில்லை. அவன் தோள்மேல் உயரத்தில் இருந்தான், குனியவும் முடியவில்லை.

"தூக்குங்கட்டி அவள," என்றாள் பிரகாசியம்மாள்.

எங்கள் ஊரில் திருவிழாச் சப்பரத்தைப் பெண்கள் தொடக்கூடாது. தோள் வலிமை இல்லை, தீட்டு, வழக்கமில்லை என்று வருஷா வருஷம் ஒரு காரணம் சொல்லி ஆண்கள்தான் தூக்குவார்கள், போகிற வழியில் நாலு தரம் சாய்ப்பார்கள். அந்தப் பெண்கள் செலஸ்தீனைக் காலைப் பிடித்து, முட்டியைப் பிடித்து, ஒரு சுரூபத்தை ஏற்றுவதுபோல ஒரே மூச்சில், துளி சாயாமல் ஏற்றினார்கள். பெரிய வெள்ளிக்கிழமை வீதியில் மாதா சுரூபமும் மகன் சுரூபமும் எதிரெதிரே வந்து சந்திக்கும்போது செய்வதுபோல, தொம்மை தொப்பியைக் கழற்றிவிட்டுத் தரையில் முழங்காலிட்டார். நோராவும் பக்கத்தில் முழங்காலிட்டாள். பாடிக்கொண்டிருந்தவர்கள் எதற்கென்று தெரியாமலே வாயை மூடினார்கள்.

வானத்தைப் பார்த்துப் பூட்டியிருந்த கண்களுக்கு நேர் மேலே, பந்து இருந்த இடத்தில், அவள் முகம் வந்தது.

லிகோரி பார்த்தான். நெற்றி, காது, மூக்குத்தி இருந்த ஓட்டை எல்லாம் பார்த்தான். அவசரப்படவில்லை. கீழே இருபது பேருக்குத் தோள் கடுத்தது, ஒருத்தியும் அசையவில்லை.

"எம்மா," என்றான், "நரைச்சிட்டியே."

"நீ எந்தக் காலத்துல கடைசியாப் பார்த்த, நரைக்காம இருக்க?" என்றாள் செலஸ்தீன், அவன் நெற்றியைத் தடவிக்கொண்டே.

"எப்படிம்மா இருக்க?"

கீழேயிருந்து பிரகாசியம்மாளின் குரல், மூச்சு வாங்கிக்கொண்டு வந்தது: "கனமா இருக்காடா! எல்லாத்தையும் விவரமாச் சொல்லு செலஸ்தீன், அவசரமில்ல. பிளேன் காத்திருக்கும்."